இருபத்தெட்டுச் சனிக்கிழமைகள்

ஆகஸ்ட் 3, சனி

குடிநீர்க் கண்காணிப்புக் குழுவின் இருபதாவது சோதனை இன்று காலை 6.20க்குத் தொடங்கி 6.55க்கு முடிந்தது. மூன்று பொதுக் குழாய்கள். மூன்றிலும் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது விதி. நிறைவு.

இருபதை எட்டிவிட்டதால் தொடக்கத்தையும் சுருக்கமாகக் குறித்து வைக்கிறேன். மேலச்சாத்தன்குளம் பேரூராட்சியின் பதினோராவது வார்டில் வசிக்கும் மூவர் சேர்ந்து மார்ச் மாதம் இக்குழுவைத் தொடங்கினோம்: பாலிடெக்னிக்கில் வேதியியல் கற்பிக்கும் நான், தையல் கடை நடத்தும் ஜமீலா, ஓய்வுபெற்ற தபால்காரர் தேவசகாயம். சோதனை எளியது. சிறு கண்ணாடிக் குழாயில் நீர் பிடித்து ஐந்து சொட்டு மருந்து விட வேண்டும். குளோரின் இருந்தால் நீர் மஞ்சளாகும். இல்லையென்றால் நிறமின்றி நிற்கும். மஞ்சளின் அடர்த்தியை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் எழுதி, மூவரும் ஒப்பமிடுகிறோம்.

மார்ச் 23 அன்று எடுத்த முதல் அளவு 0.1 மட்டுமே. அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமையே 0.5. அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை. முறையாக எழுதப்பட்ட ஒரு கடிதம் ஓர் ஊரின் தண்ணீரைத் திருத்தியிருக்கிறது.

அந்த முதல் சோதனைக்குப் பின், குழுவின் ஒன்பது விதிகளையும் நானே வரைந்தேன். நான்காவது விதிக்கு மட்டும் ஜமீலாவின் எதிர்ப்பு இருந்தது. சோதனை சனிக்கிழமைதோறும் காலையில் நடைபெறும், முந்தைய நாளே பேரூராட்சி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும் என்பது அவ்விதி.

“சொல்லிட்டுப் போனா அது சோதனையா சார், விருந்தா? எலையப் போட்டுல்லா உக்காந்திருப்பாவ” என்றார் அவர்.

தேர்வுக்கு அட்டவணை உண்டு. முன்னறிவிப்பின்றித் தேர்வு நடத்துவது கற்பிப்பவனுக்கு அழகன்று என்று விளக்கினேன். இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் விதி நிறைவேறியது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாலை நான்கு மணிக்கு அறிவிப்புக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை பெற்றேன். மேல்நிலைத் தொட்டியை இயக்கும் சுடலைமணி வாசலில் நின்றிருந்தார். “ஒங்க லெட்டரப் பாத்தாத்தான் சார் எனக்கு நாளைக்குச் சனிக்கெழமன்னு நெனப்பு வரும்” என்று சிரித்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

மகள் இந்துமதி நேற்று வந்து சேர்ந்தாள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக அழைத்து வந்திருக்கிறோம். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார். இரு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். வீட்டில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதை ஓசையிலிருந்தே அறிய முடிகிறது.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் குடிநீரைக் காய்ச்ச வேண்டும் என்றாள் என் மனைவி சண்முகவடிவு. என்னைக் கேளாமலே பித்தளைத் தவலையில் காய்ச்சி ஆற வைத்தும் விட்டாள். இருபது வார அளவீடுகளை அவளுக்கு எடுத்துக் காட்டினேன். கண்காணிப்புக் குழுவின் செயலாளர் வீட்டிலேயே தண்ணீரைக் காய்ச்சினால், அந்த அளவீடுகளை ஊரில் யார் மதிப்பார்கள்? காய்ச்சத் தேவையில்லை என்று வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று. தவலை நீர் செடிகளுக்கு ஊற்றப்பட்டது.

ஆகஸ்ட் 10, சனி

இருபத்தோராவது சோதனை. 0.5. வீட்டுக் குழாயில் பிடித்த நீரை ஒரு டம்ளர் குடித்த இந்துமதி, “மருந்து வாடை அடிக்குப்பா” என்றாள். அந்த வாடைதான் பாதுகாப்பு என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எங்கள் தெருவில் சாக்கடைக்கு வாறுகால் தோண்டும்போது கடப்பாரை பட்டுக் குடிநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று உடைந்தது. பணியாளர்கள் சைக்கிள் டியூபைக் கிழித்து அதன்மேல் இறுகச் சுற்றிக் கட்டினார்கள். மாலையில் பார்த்தபோது சாக்கடை நீர் அந்தக் கட்டுக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் நின்றது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

0.5.

ஆகஸ்ட் 28, புதன்

விடைத்தாள் திருத்தும் பணி. நாற்பத்திரண்டு முடிந்தது.

இரவு உணவின்போது இந்துமதி, “இன்னைக்குத் தண்ணில வாடையே இல்லப்பா. சனிக்கிழமை மட்டுந்தான் வருது” என்றாள். கர்ப்ப காலத்தில் நாக்கும் மூக்கும் மாறுபடும். அளவுக் கருவியாக நாக்கைக் கொள்ள முடியாது.

செப்டம்பர் 14, சனி

இருபத்தாறாவது சோதனை. 0.5.

வார்டில் ஒன்பது பேருக்கு மஞ்சள் காமாலை என்று ஜமீலா சொன்னார். சென்ற மாதம் கோயில் கொடை விழாவில் விற்ற ஐஸ் சர்பத்தே காரணம் என்பது என் ஊகம். காலக்கணக்கு பொருந்துகிறது.

“எங்க பள்ளிவாசல் தெருவுல மட்டும் நாலு பேரு சார். அதுல ரெண்டு பேரு எந்திரிச்சு நடமாட முடியாத கெழடுங்க. அதுக எங்க போயி சர்பத்து குடிச்சுது?”

யாராவது வாங்கிவந்து கொடுத்திருக்கலாம் என்றேன். கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினேன், நல்ல மஞ்சள். அவர் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு இங்கிலீசு அட்டையெல்லாம் தெரியாது. ஆனா துணியில கறை இருந்தா, அத மடிச்சு நல்ல பக்கத்த மட்டும் காட்டுறவங்கள எனக்குத் தெரியும்” என்றார். யாரைக் குறித்துச் சொன்னார் என்று கேட்டேன், பதிவேட்டை வாங்கி ஒப்பமிட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

செயல் அலுவலர் தம் அறைக்கு அழைத்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வந்தது.

“உங்க பதிவேடு மாதிரி ஒண்ணு இந்த மாவட்டத்துலயே கிடையாது சார். சுகாதாரத் துறையிலேர்ந்து லைனை மூடிட்டு லாரியில தண்ணி குடுங்கங்கறாங்க. பதினோராவது வார்டு முழுக்க லாரி விட முடியுமா, சொல்லுங்க. நீங்க ஒரு சான்று குடுத்தீங்கன்னா போதும். நாங்க குடுத்தா நம்ப மாட்டாங்க. நீங்க எங்க மேல புகார் எழுதினவரு.”

அவர் கூறியது நியாயமே. பதிவேட்டின் நகலையும், இருபத்தைந்து வாரங்களாகக் குடிநீர் தரமாக உள்ளது என்ற சான்றையும் மூன்று படிகளில் ஒப்பமிட்டு, ஒரு படியை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்தேன். நேர்மையான கண்காணிப்பு, குறை கூறுவதோடு நிறைவையும் கூற வேண்டும்.

செப்டம்பர் 21, சனி

0.5. இந்துமதிக்கு மூன்று நாளாகப் பசியில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையில் வாசல் வெளிச்சத்தில் இந்துமதியின் கண்களைப் பார்த்தேன்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் பிற்பகல் 1.15க்குச் சேர்த்தோம். அவள் கண்களில், வண்ண அட்டையில் 0.5க்கு நேரே உள்ள நிறம். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 25, புதன்

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த வகைக் காமாலை தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்று பெண் மருத்துவர் சொன்னார். வெளியில் எதுவும் சாப்பிட்டாளா, விசேஷத்துக்குப் போனாளா என்று கேட்டார்.

“வீட்டு வாசல் தாண்டல டாக்டர்” என்றாள் சண்முகவடிவு. “கொழாத் தண்ணி. அது ஒண்ணுதான்.”

மருத்துவர் எழுதிக்கொண்டார். சண்முகவடிவு என் பக்கம் திரும்பவில்லை. வீங்கிய கைகளிலிருந்து செவிலியர் வளையல்களைச் சோப்பு நீர் தடவிக் கழற்றி, ஒரு பாலிதீன் பையில் போட்டு என்னிடம் தந்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

மாற்றுத் துணி எடுக்க முதல் பேருந்தில் ஊருக்கு வந்தேன். 6.25. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சோதனைப் பெட்டி மேசைமேல் இருந்தது.

ஐந்து சொட்டு. நிறமில்லை.

மருந்து கெட்டிருக்கலாம். சலவைக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் ஒரு துளி கலந்து மீண்டும் சோதித்தேன். உடனே ஆழ்ந்த மஞ்சள். மருந்து சரியாகவே இருந்தது. பொதுக் குழாய்கள் மூன்றுக்கும் சென்றேன். நிறமில்லை. நிறமில்லை. நிறமில்லை.

தொட்டிக்குப் போனேன். சுடலைமணி வால்வு அறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக வாய் கொப்புளித்தார்.

“சார், இன்னைக்கு வியாழக்கெழம.”

தெரியும் என்றேன். இன்று தொட்டியில் எவ்வளவு பவுடர் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

“இன்னைக்கு ஏது சார்? மாசத்துக்கு ஒரு மூட்டைதான் தாராவ. தெனமும் ரெண்டு கிலோ போட்டாத்தான் கணக்கு. அப்படிப் போட்டா பாதி மாசத்துல காலி. அதனால முன்னாடியெல்லாம் முக்காக் கிலோ, முக்காக் கிலோவா, ஒரு நாளு விடாமப் போட்டுருவேன். நீங்க மொத வாரம் வந்து பத்தலன்னு எழுதிட்டிய. ஆபீசுல வச்சு என்ன ஏச்சுங்கிய. சனிக்கெழம மட்டும் தப்பவே கூடாதுன்னாவ. இன்னொரு மூட்டை தாங்கன்னு கேட்டேன், அதுக்கு வாயே தொறக்கல. நான் என்ன செய்ய? வாரம் பூரா உள்ளத ஒதுக்கி வச்சு, வெள்ளிக்கெழம சாயந்தரமும் சனிக்கெழம விடியவும் போட்டுருதேன்.”

“மத்த நாள்ல?”

“மத்த நாளு சும்மாதான் சார் போவுது.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க என்னையக் கேக்கலியே. கொழாயத்தான கேட்டிய.” பிறகு, என்னைத் தேற்றுவதுபோல் சொன்னார்: “ஒங்களக் குத்தஞ் சொல்லல சார். நீங்க லெட்டர் குடுத்துச் சொல்லிட்டு வந்திய. சொல்லாம கொள்ளாம வந்திருந்தா எப்பவோ என் சோலி போயிருக்கும்.”

அவர் வீட்டுக்கும் இதே தண்ணீர்தானே என்றேன்.

“ஆமா. எம் பொண்டாட்டியும் ஒரு வாரமாக் கீழாநெல்லி குடிச்சிட்டுக் கெடக்கா.”

தெருமுனையில் சைக்கிள் டியூப் கட்டு அப்படியே இருந்தது. சாக்கடைக்குள் அந்தக் கறுப்பு முடிச்சைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்பதைக் குறிக்கவில்லை. மாற்றுத் துணி எடுக்காமலே ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

நான் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இந்த வாரம் அறிவிப்புக் கடிதம் இல்லை. இருபத்தெட்டாவது சோதனையை ஜமீலாவும் தேவசகாயமும் செய்தார்கள். ஜமீலா தொலைபேசியில் சொன்னார்: “மூணுலயும் நல்ல மஞ்ச சார்.”

கடிதம் தேவைப்படவில்லை. இன்று சனிக்கிழமை.

செப்டம்பர் 30, திங்கள்

காலை 9.10. பெண். 1,940 கிராம்.

11.35.

அக்டோபர் 3, வியாழன்

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இரண்டு படிவங்கள் நிரப்பினேன். ஒன்று பிறப்பு, மற்றொன்று இறப்பு. இரண்டிலும் ஒரே தேதி. குழந்தையின் பெயர் என்ற இடத்தை வெறுமனே விடலாமா என்று எழுத்தரிடம் கேட்டேன். “பேரு வைக்கலன்னா கோடு போட்டுருங்க” என்றார். கோடு போட்டேன்.

இந்துமதிக்கு நினைவு தெளிந்திருக்கிறது. கல்லீரல் தேறிவருகிறது என்கிறார் மருத்துவர். மாப்பிள்ளை அவள் காலடியில் அமர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்த செவ்வாய் முதல் சண்முகவடிவு என்னோடு பேசவில்லை. தண்ணீர் பாட்டில்களைக் கடையில் அவளே வாங்கிவருகிறாள். மூடி முத்திரையை அவளே சரிபார்க்கிறாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

இந்துமதியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேருந்து நிலையச் சுவரில் பேரூராட்சியின் அச்சிட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது: குடிநீர் முற்றிலும் பாதுகாப்பானது, பொதுமக்கள் குழுவின் தொடர் ஆய்வே சான்று. கீழே என் கையெழுத்தை அப்படியே படமாக அச்சிட்டிருந்தார்கள். இந்துமதி நின்று அதை முழுவதும் படித்தாள். பிறகு ஆட்டோவில் ஏறினாள்.

மாலையில் ஜமீலா வந்தார். சுடலைமணி கூறியதை அவரிடம் சொன்னேன். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

“ஒங்க கையெழுத்த வச்சித்தான் லைன மூடாம இருக்காவ. நம்ம வார்டுல இன்னும் மூணு பிள்ளைய மாசமா இருக்கு. ஒண்ணு எங்கடையில காஜா எடுக்குற பிள்ள. அந்தச் சான்ற நான் கிழிச்சா வெறுங் காயிதம் சார். நீங்க கிழிச்சாத்தான் செல்லும்.”

உண்மையைச் சொன்னால் சுடலைமணியின் வேலை போய்விடும் என்றேன்.

“அதச் சொல்லுறீங்களா, இல்ல ஒங்க பதிவேடு போயிருமேன்னு சொல்லுறீங்களா?”

அவருடைய கேள்வியை அப்படியே இங்கு எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம், நடுநிலைப் பள்ளியில், காலை 10.30. எண்பது பேர் இருக்கலாம். எண்ணவில்லை.

செயல் அலுவலர், கடைசி இரு வாரங்களையும் வாங்கிச் சேர்த்திருந்த பதிவேட்டு நகலை உயர்த்திக் காட்டி, இருபத்தெட்டு வாரங்களின் அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் வாரம் 0.1. மற்ற இருபத்தேழும் 0.5, 0.5, 0.5. என் எழுத்து பிறர் வாயில் அவ்வளவு தெளிவாக ஒலிக்கும் என்று நான் எண்ணியதில்லை. முடித்ததும் நான் எழுந்தேன்.

“சான்றைத் திரும்ப வாங்கிக்கிறேன்” என்றேன்.

“சார், உங்க வீட்டுல நடந்தது எல்லாருக்கும் வருத்தம். மனசு சரியில்லாத நேரம். உக்காருங்க. இது உங்க கையெழுத்துதானே?”

“என் கையெழுத்துதான். அளவும் தப்பில்ல. சனிக்கிழமை தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. அந்த இருபத்தெட்டு நாளுக்கு நடுவுல நூத்தி அறுபத்திரண்டு நாள் இருக்கு. அத நாங்க பாக்கவே இல்ல. என்னைக்குப் பாக்க வருவோம்னு வாராவாரம் நானே எழுதிக் குடுத்தேன்.”

மூட்டைக் கணக்கைச் சொன்னேன். இயக்குபவரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் சுடலைமணி தாமே எழுந்துவிட்டார். “அவுக சொல்லுறது நெசம். மூட்டை தந்தா நான் தெனமும் போடுவேன். மொதல்ல அப்படித்தான் போட்டேன்” என்று சொல்லிவிட்டு, அமர மறந்து நின்றுகொண்டே இருந்தார். சாக்கடைக்குள் கட்டிய டியூபைப் பற்றி ஜமீலா பேசினார். “வந்து கையால தொட்டுப் பாருங்க சார், பக்கந்தான்” என்றார் செயல் அலுவலரிடம். கூட்டம் இரைந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சண்முகவடிவின் குரல் கேட்டது. அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. பத்தொன்பது நாள்களுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

“தவலையக் கொட்டுனதையும் சொல்லுங்க.”

எண்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சொன்னேன். என் மனைவி தண்ணீரைக் காய்ச்சி வைத்தாள். நான் அதைக் கொட்டினேன். செடிக்கு. ஒரு நாள் மட்டுமல்ல; அந்த வாரத்தில் மூன்று நாள் காய்ச்சினாள், மூன்று நாளும் கொட்டினேன். நான்காம் நாள் அவள் காய்ச்சவில்லை. குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து என் மகள் கையில் நானே கொடுத்தேன்.

பதிவேட்டின் மூலப்படியிலும் சான்றின் என் படியிலும் குறுக்கே கோடிட்டு, தேதியுடன் ஒப்பமிட்டுச் செயல் அலுவலரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த சுகாதாரத் துறை ஆய்வாளர் எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 16, புதன்

குழாய் மூடப்பட்டிருக்கிறது. லாரியில் தண்ணீர் வருகிறது. டியூபை அறுத்துப் புதிய இணைப்பு பொருத்தினார்கள். சுடலைமணிக்கு விளக்கம் கேட்டு அலுவலகம் கடிதம் கொடுத்திருக்கிறது. பதில் எழுத என் வீட்டுக்கு வந்தார். எழுதிக் கொடுத்தேன். “இதுலயும் விசாரணை எந்த நாளுன்னு முன்னாடியே சொல்லிருவாவளா சார்?” என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

அக்டோபர் 23, புதன்

நேற்று குழாய் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று காலை 6.05க்கு ஜமீலா வந்து கதவைத் தட்டி, “வாங்க சார்” என்றார். யாருக்கும் கடிதம் கொடுக்கவில்லை. எனக்கே தெரிவிக்கவில்லை.

மூன்று குழாய்கள். ஐந்து சொட்டு. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரியும் வெளிர் மஞ்சள். 0.1. கூடுதல் மூட்டை இன்னும் வரவில்லை. சுடலைமணி பழையபடி தினமும் முக்கால் கிலோ போடுகிறார். இது போதாது. மூட்டை கேட்டு இன்றே எழுத வேண்டும்.

புதிய பதிவேட்டைத் திறக்குமுன் பழையதை ஒரு முறை புரட்டினேன். முதல் பக்கம், மார்ச் 23, முதல் அளவு 0.1. அது எவரும் எதிர்பாராத நாள். இருபத்தெட்டு அளவுகளில் இந்த ஊர் ஒவ்வொரு நாளும் குடித்த தண்ணீரைச் சொன்னது அது ஒன்றுதான். அதற்குக் கீழேதான் சிவப்புக் கோடு இருக்கிறது.

இன்றைய 0.1ஐ நீல மையில் எழுதினேன். இருவரும் ஒப்பமிட்டோம்.

வீடு திரும்பியபோது சண்முகவடிவு இன்னும் எழவில்லை. தவலையைக் கழுவி, நிரப்பி, அடுப்பில் வைத்தேன். கொதி வந்தபின் இருபது நிமிடம் அருகிலேயே நின்றேன். இந்துமதி வந்து சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வளையல் இல்லாததால் அவள் வந்தது எனக்குத் தெரியவில்லை.